சேர்வராயன் மலைக் கருங்கல் எரிமலைக் கல்லா?

வாசகர் கருத்து, 2023 மார்ச் 12

பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கிணற்றை ஆழப்படுத்தியபோது நாற்பது அடிக்குக் கீழே கன்னங்கரேலென்று ஒரு கல் வந்தது. ஏற்காட்டுச் சாலையிலும் வெட்டிய இடமெல்லாம் கருங்கல்தான். எரிமலைக் குழம்பு உறைந்தால் கறுப்புக் கல் ஆகும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். சேர்வராயன் மலையின் தலையும் தட்டையாக இருக்கிறது. ஆகவே அது அணைந்துபோன எரிமலை என்பது என் முடிவு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

2023 மார்ச் 13

மறுக்கிறேன். சேர்வராயன் மலை எரிமலை அல்ல, எரிமலையின் எச்சமும் அல்ல.

நான் நிலவியலில் பட்டம் வாங்கியவன் அல்ல. மலைச் சாலைப் பணியில் முப்பத்தொரு ஆண்டு ஓவர்சியராக இருந்தவன். வெடி வைத்துப் பிளந்த பாறை, மழையும் வெயிலும் படாத முகத்தோடு கிடக்கும்போது அதைப் பார்ப்பது என் அன்றாட வேலை. நூல்களைத் தேடிப் படித்ததெல்லாம் பிறகுதான்.

எரிமலைக் குழம்பு வெளியே வழிந்தால் விரைவில் ஆறி உறைந்துவிடும். உள்ளே கனிம மணிகள் வளர நேரம் இராது. அதனால் அந்தக் கல்லை உடைத்தால் மாவு போலச் சீரான கறுப்புதான் தெரியும். பல இடங்களில் காற்றுக் குமிழி இருந்த துளைகளும் இருக்கும். ஏற்காட்டுச் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவற்றில் எங்கே வேண்டுமானாலும் சரிந்து கிடக்கும் கல்லை எடுத்து உடைத்துப் பாருங்கள். துளை ஒன்றுகூடக் கிடைக்காது. மணிகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். பச்சரிசி அளவில் சில, துவரம்பருப்பு அளவில் சில. இவ்வளவு பெரிய மணிகள் வளர வேண்டுமானால், கல் ஆழத்தில், வெகுகாலம் சூட்டிலேயே கிடந்திருக்க வேண்டும்.

இந்தக் கல்லின் பெயர் சார்னோகைட். இரும்பும் மக்னீசியமும் கலந்த பைராக்சீன் என்ற கனிமம் இதில் இருக்கிறது. கறுப்பு நிறத்துக்கு அதுவே காரணம்.

2023 மார்ச் 13, இரவு

சார்னோகைட் என்பது என்ன பெயர் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

ஜாப் சார்னாக் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி; கொல்கத்தா நகரத்தின் தொடக்கத்தோடு சேர்த்துப் பேசப்படுபவர். 1693-இல் இறந்தார். அவருடைய கல்லறை கொல்கத்தாவில் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. இருநூறு ஆண்டு கழித்து, 1893-இல், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்தார். அது சென்னைப் பரங்கிமலைப் பக்கத்துக் கல் என்று தெரிந்தது. அந்த வகைப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். இன்று நார்வேயிலோ அண்டார்டிகாவிலோ இந்தப் பாறை கிடைத்தாலும் இதே பெயர்தான்.

கல் நம்முடையது. பல்லாவரம் குன்று, சேர்வராயன், கொல்லிமலை, நீலகிரி எல்லாம் இதனால் ஆனவை. பெயர் மட்டும் ஒரு கல்லறையிலிருந்து போனது. பரங்கிமலைக்குப் போகிறவர்கள் படியேறும்போது பக்கத்துப் பாறையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். உலகம் முழுக்க அறியப்பட்ட ஒரு பாறை இனத்துக்கு முதல் மாதிரி கொடுத்த இடத்தில் நிற்கிறோம் என்பது சின்ன விஷயம் அல்ல.

2023 மார்ச் 16

"மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதும் எரிமலைக் கல் என்று படித்த நினைவு" என்கிறார் ஒருவர். பாதி சரி.

என் மகள் புனேயில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது மகாபலேஷ்வருக்கு அழைத்துப் போனாள். அந்த மலை படிக்கட்டு படிக்கட்டாக இருக்கிறது. ஒவ்வொரு படியும் தனித்தனியாக வழிந்து உறைந்த ஒரு குழம்பு அடுக்கு. இரண்டு அடுக்குகளுக்கு நடுவே சில இடங்களில் செங்கல் நிறத்தில் மண் பட்டை ஒன்று ஓடுகிறது. சாலையோரம் ஒரு கல்லை எடுத்துப் பார்த்தேன். துளைகள் இருந்தன; சில துளைகளுக்குள் வெள்ளைப் படிகம் பூத்திருந்தது. அதுதான் பசால்ட், எரிமலைக் கல். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் நிலம் பிளந்து வழிந்த குழம்பு, ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் அளவுக்கு இன்றும் மூடிக்கிடக்கிறது. மும்பை அந்தேரியில் கில்பர்ட் குன்று என்று ஒன்று இருக்கிறது. பசால்ட் தூண்தூணாக விரிந்து நிற்பதை அங்கே பார்க்கலாம்.

ஆனால் அந்தப் பசால்ட் தெற்கே பெல்காம், கோவா வட்டாரத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு இந்தப் பக்கம் மலைத்தொடர் ஒன்றுதான், பாறை வேறு. நீலகிரியில் படிக்கட்டு கிடையாது. மேடுகள் எல்லாம் பானையைக் கவிழ்த்தது போல உருண்டு இருக்கும்.

2023 மார்ச் 19

என் முதல் குறிப்பில் ஒரு தவறு இருக்கிறது. யாரும் சுட்டிக்காட்டவில்லை, இரண்டு நாளாக எனக்கே உறுத்திக்கொண்டிருந்தது.

கறுப்பு நிறத்துக்குப் பைராக்சீன் காரணம் என்று எழுதினேன். அப்படியானால் கல்லில் பாதிக்குப் பாதி பைராக்சீன் இருக்க வேண்டும். சார்னோகைட்டில் அவ்வளவு இல்லை. அதில் மிகுதியாக இருப்பவை ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கனிமங்கள். இந்த இரண்டும் வழக்கமான கிரானைட்டில் வெள்ளை, சாம்பல், இளஞ்சிவப்பு நிறங்களில் இருப்பவை. பெரும்பாலான சார்னோகைட்டை வேதியியல் முறையில் பகுத்தால் கிரானைட்டுக்கு நெருங்கிய கணக்குத்தான் வரும். கிரானைட்டின் சரக்கு, கருங்கல்லின் நிறம்.

என் மேசை மேல் எட்டாவது வளைவருகே எடுத்த ஒரு துண்டு இருக்கிறது. இன்று காலை அதை மறுபடி உடைத்தேன். வெளியே அரை விரற்கடை தடிமனுக்குத் துருப்பிடித்தது போலப் பழுப்புப் பொருக்கு. அதற்குள்ளே திடீரென்று கரும்பச்சை. எண்ணெய் தடவிய கைப்பிடி போல ஒரு வழவழப்பான மினுக்கம். ஜன்னல் பக்கம் திருப்பினால் ஃபெல்ஸ்பார் முகங்கள் பச்சைப் பாட்டில் நிறத்தில் ஒவ்வொன்றாகப் பளிச்சிடுகின்றன. குவார்ட்ஸ் வெள்ளையாக இல்லை. மழைமேகம் போல நீலச் சாம்பலாக இருக்கிறது. இரண்டு மூன்று இடங்களில் மாதுளை முத்துப் போலச் சிவப்பாகக் கார்னெட் என்ற கனிமம். பைராக்சீன் பழுப்புக் கலந்த கறுப்பாக அங்கங்கே சிதறிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

ஆக, வெள்ளையாக இருக்க வேண்டிய மணிகளே இங்கே கறுத்திருக்கின்றன. ஃபெல்ஸ்பாருக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்களில் பச்சை, பழுப்பு நிறப் பொருள்கள் படிந்திருப்பது ஒரு காரணம் என்கிறார்கள். கொத்தனார்கள் ஜல்லியை 'ப்ளூ மெட்டல்' என்று சொல்வதைப் பல ஆண்டு கேட்டிருக்கிறேன். அதில் நீலம் எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இதோ இருக்கிறது.

நிறத்தை வைத்துக் கல்லின் பிறப்பைச் சொல்லக் கூடாது. முதலில் நானே சொன்னது தவறு.

2023 மார்ச் 26

கேள்வி கேட்ட பாலக்கோட்டு நண்பர் விடவில்லை. "மணி பெரிது, ஆழத்தில் உண்டானது என்கிறீர்கள். எவ்வளவு ஆழம்?" என்கிறார்.

இருபத்தைந்து கிலோமீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல். வெப்பம் 750 டிகிரியைத் தாண்டியது. கல்லுக்குள் எந்தெந்தக் கனிமங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதிலிருந்து இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். சேர்வராயன் பகுதிச் சார்னோகைட்டின் வயது சுமார் 250 கோடி ஆண்டு.

இதைப் புரிந்துகொள்ளப் பெரிய கருவி வேண்டாம். பெங்களூரிலிருந்து சேலத்துக்குப் பகல் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம்பிடித்து உட்காருங்கள். ஓசூர், கிருஷ்ணகிரி வரை பாறைகள் வெளிறிய சாம்பல். வெள்ளையும் கறுப்பும் மாறி மாறிக் கோடு ஓடும், நீஸ் என்பார்கள். கிருஷ்ணகிரியைத் தாண்டித் தர்மபுரியை நெருங்கும்போது கோடுகள் மங்கத் தொடங்கும், சாம்பல் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையாகும். தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது சாலைக்கு வெட்டிய சுவர் நன்றாகவே கறுத்திருக்கும். அந்தப் பாதையில் நூறு தடவைக்கு மேல் போயிருப்பேன். வேறு வேறு ஊரில் வேறு வேறு கல் என்று மட்டும்தான் நினைத்தேன்.

விஷயம் அதுவல்ல. பூமியின் பழைய மேலோடு இங்கே சாய்ந்து கிடக்கிறது. வடக்கே அதன் நடுப்பகுதி வெளியே தெரிகிறது, தெற்கே அடிப்பகுதி தெரிகிறது. வடக்கிலிருந்து தெற்கே பஸ்ஸில் வருகிறவர், சாலையை விட்டு இறங்காமலே, மேலோட்டுக்குள் கிலோமீட்டர் கணக்கில் ஆழமாகப் போய்க்கொண்டிருக்கிறார். இதைப் படித்த நாளன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

2023 மார்ச் 27

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு "அப்படியானால் ஏற்காடு 250 கோடி ஆண்டுப் பழமையான மலை" என்று எழுதியிருக்கிறார்கள். இல்லை. கல்லுக்கு வயது 250 கோடி ஆண்டு. மலைக்கு அந்த வயது கிடையாது. வீட்டுக்குப் போட்ட தேக்கு இருநூறு வருட மரம் என்பதால் வீடும் இருநூறு வருட வீடு ஆகுமா?

மேலே இருந்த இருபத்தைந்து கிலோமீட்டர் பாறை அரிக்கப்பட்டு ஆற்றோடு போக வேண்டும், அடியில் இருந்தது உயர வேண்டும். அதற்குப் பிறகுதான் இன்றைக்கு நாம் பார்க்கிற மேடு. அந்த வடிவம் மிகவும் பிந்தியது.

தட்டையான தலை எரிமலைக்குச் சான்று என்று முதலில் சொல்லப்பட்டது. அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சேர்வராயன் கோயில் இருக்கும் மேட்டில், சுமார் 1,600 மீட்டர் உயரத்தில், காலடி மண்ணைப் பாருங்கள். சிவப்பும் மஞ்சளும் கலந்த, துளைத்துளையான, கையில் எடுத்தால் எடையே இல்லாத கட்டிகள். துளையைப் பார்த்து எரிமலைக் கல் என்று ஏமாந்தவர்கள் உண்டு. அது பாக்சைட். சார்னோகைட் கோடிக்கணக்கான ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் ஊறி, அதிலிருந்த சிலிக்காவெல்லாம் கரைந்து போய், அலுமினியமும் இரும்பும் மட்டும் தங்கிய எச்சம். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்தும் கொல்லிமலையிலிருந்தும்தான் பாக்சைட் போயிற்று. நிலம் வெகுகாலம் சமமாகக் கிடந்தால்தான் இப்படி ஒரு மேல்மூடி உண்டாகும். தட்டையான தலை அந்தப் பழைய சமதளத்தின் மிச்சம்.

2023 ஏப்ரல் 9

சமையலறை மேடைக்குப் போடும் 'கறுப்பு கிரானைட்' இந்தச் சார்னோகைட்தானா என்று ஓர் அம்மையார் கேட்கிறார். பெரும்பாலும் இல்லை. நன்றாக மெருகேறி, முகம் தெரியும் அளவுக்குக் கருகருவென்று இருப்பது டோலரைட். வியாபாரத்தில் மெருகிடும் கெட்டிக் கல் எல்லாமே கிரானைட்தான். நிலவியலில் டோலரைட்டுக்கும் கிரானைட்டுக்கும் வெகுதூரம். விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கல் வெளிநாடு வரை பெயர்பெற்றது. அதுவும் டோலரைட்தான்.

டோலரைட்டுக்கும் பசால்ட்டுக்கும் சரக்கு ஒன்றே. பசால்ட் வெளியே வந்து உறைந்தது. டோலரைட் வரும் வழியிலேயே, பாறை வெடிப்புகளுக்குள் மாட்டி உறைந்தது. சுவர் போல நிற்கும் அந்தக் கல்பட்டைக்கு டைக் என்று பெயர். தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கம் வெட்டவெளியில் கறுப்பு உருண்டைக் கற்கள் யாரோ வரிசையாக அடுக்கிவைத்தது போல வயல், குன்று, ஏரிக்கரை என்று எதையும் பாராமல் நேர்கோட்டில் போகும். அதன் அடியில் டைக் இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் இன்னும் நன்றாகத் தெரியும். எல்லாம் ஒரே காலத்தில் நுழைந்தவை அல்ல. தென்னிந்திய டைக் கூட்டங்களில் மூத்த ஒன்றுக்கு 237 கோடி ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

என் தாத்தா கல்தச்சர். ஆட்டுக்கல், அம்மி, வாசற்படி செய்து கொடுத்தவர். கல்லைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க மாட்டார். சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக் கேட்டுத்தான் எடுப்பார். கணீரென்று மணி போல ஒலித்தால் ஆண் கல், கொஞ்சம் மென்மையாக ஒலித்தால் பெண் கல், சத்தம் மொத்தென்று அடங்கினால் ஒதுக்கிவிடுவார். கோயில் சிற்பிகளிடமும் இந்த வழக்கு உண்டு. நுண்மணிக் கல்லில் விரிசல் இல்லாவிட்டால் ஒலி தடையின்றி ஓடும், அவ்வளவுதான் இதன் அடிப்படை. எங்கள் வீட்டு அம்மி டோலரைட். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொத்துப் போட வேண்டியிருந்தது. ஆட்டுக்கல் சார்னோகைட்; குவார்ட்ஸ் மணி இருப்பதால் தேய்ந்தாலும் சொரசொரப்பு போகாது, கொத்துப் போடும் தவணை தள்ளித் தள்ளி வரும். கம்ப்ரசர் வைத்துத் துளை போடுகிறவர்களும் இதே வேறுபாட்டைச் சொல்வார்கள். சார்னோகைட் பிட்டைத் தின்னும், டோலரைட் சம்மட்டிக்கு மசியாது.

2023 ஏப்ரல் 10

அதே அம்மையாருக்கு ஒரு எச்சரிக்கை. என் வீட்டு மேடைக்குக் கறுப்புக் கல் என்று ஒரு கடையில் வாங்கினேன். இரண்டு வருடத்தில் அடுப்பைச் சுற்றி வெளிறிவிட்டது. சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றி மெழுகு பூசியிருக்கிறார்கள். கல்லை இத்தனை ஆண்டு பார்த்தும் மெருகிட்ட முகத்தை நம்பிவிட்டேன், உடைந்த ஓரத்தைப் பார்க்கவில்லை. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை வெள்ளைத் துணியில் நனைத்து நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் வாங்காதீர்கள். அதோடு, அறுத்த பலகையின் பின்பக்கத்தையும் பாருங்கள். மெருகு ஏறாத பக்கம் உண்மையைச் சொல்லும்.

2023 ஏப்ரல் 23

வீட்டில் செய்யக்கூடிய சோதனை. கல்லைக் கொக்கித் தராசில் கட்டித் தொங்கவிட்டு எடை பாருங்கள். பிறகு தொங்கியபடியே வாளித் தண்ணீரில் முழுவதும் மூழ்கவைத்து எடை பாருங்கள், வாளியின் அடியைத் தொடாமல். முதல் எடையை, தண்ணீருக்குள் எவ்வளவு குறைந்ததோ அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வரும்.

என் எட்டாவது வளைவுக் கல்: வெளியே 1,080 கிராம், தண்ணீருக்குள் 680. குறைந்தது 400. வகுத்தால் 2.7. கிரானைட்டுக்கும் ஏறக்குறைய இதே எண்தான்.

உடைந்துபோன பழைய அம்மிக் குழவித் துண்டு: வெளியே 740, உள்ளே 495. குறைந்தது 245. வகுத்தால் 3.02. பசால்ட், டோலரைட் குடும்பத்துக்கு உரிய எண்.

இரண்டும் கறுப்பு. இரண்டையும் நாம் கருங்கல் என்கிறோம். தண்ணீர் பிரித்துக் காட்டிவிட்டது.

2023 ஏப்ரல் 30

தண்ணீர் எல்லாவற்றையும் பிரிக்காது. கொல்லிமலை அடிவாரத்திலிருந்து ஒரு வாசகர் தன் கல்லுக்கு 3.05 வந்ததாகவும், ஆகவே டோலரைட் என்றும் எழுதினார். படத்தைப் பார்த்தேன். மணி பெரிது, கார்னெட் நிறைய, மெல்லிய பட்டைகளும் ஓடுகின்றன. அது சார்னோகைட்டோடு பட்டை பட்டையாகக் கலந்து கிடக்கும் வேறொரு கரும்பாறை; பைராக்சீன் மிகுந்த கிரானுலைட். ஆதியில் பசால்ட் போன்ற சரக்காக இருந்து, அதே ஆழத்தில் அதே சூட்டில் உருமாறியது. அதற்கும் எண் 3-ஐ ஒட்டி வரும். ஆகவே சென்ற வாரக் குறிப்போடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2.7 வந்தால் டோலரைட் அல்ல என்று சொல்லலாம், 3 வந்தால் டோலரைட்தான் என்று சொல்லக் கூடாது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் மணியையும் பார்த்தாக வேண்டும்.

2023 மே 14

"சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், சார்னோகைட் தீப்பாறையா, உருமாறிய பாறையா?"

இது நூறு ஆண்டுக்கு மேல் நடந்த வழக்கு. ஹாலண்ட் தீப்பாறை என்றார். பாறைக்குழம்பு ஆழத்தில் உறைந்தது என்பது அவர் கட்சி. பின்னால் வந்தவர்கள், ஏற்கெனவே இருந்த பாறை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறியது என்றார்கள்.

கர்நாடகத்தில் கனகபுராவுக்கு அருகே கப்பல்துர்கா என்று ஒரு குன்று. அங்குள்ள கல் குவாரியில் வெளிறிய நீஸ் பாறைக்கு நடுவே, தாளில் எண்ணெய் ஊறியது போல, கரும்பச்சைத் திட்டுகளும் கீற்றுகளும் இருக்கின்றன. நீஸின் கோடுகள் அந்தத் திட்டுக்குள் நுழைந்து மங்கி மறைகின்றன. அதாவது, வெள்ளைப் பாறை சார்னோகைட்டாக மாறிக்கொண்டிருந்தபோது பாதியில் நின்றுவிட்டது. 1960-இல் சி. எஸ். பிச்சமுத்து இதை எடுத்துக்காட்டிய பிறகு கப்பல்துர்கா உலக நிலவியலாளர்கள் தேடி வரும் இடமாயிற்று. ஆழத்திலிருந்து கரியமில வாயு ஏறி வந்து, கனிமங்களில் கட்டுண்டிருந்த நீரை வெளியேற்றியதால் இந்த மாற்றம் நடந்தது என்று 1980-களில் ஏ. எஸ். ஜனார்த்தன், ராபர்ட் நியூட்டன் முதலானோர் விளக்கினார்கள். நீர் போனதால் பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்கள் சிதைந்து பைராக்சீன் பிறந்தது.

இன்று இரண்டு வகையும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறார்கள். சேர்வராயன், நீலகிரிக் கல்லைப் பற்றி நான் புரிந்துகொண்டது: முதலில் பாறைக்குழம்பாக இருந்து ஆழத்தில் உறைந்தது, பிறகு அந்த ஆழத்திலேயே வெந்து மறுபடி மணிபிடித்தது. பிறப்பு தீயில்தான். பாலக்கோட்டு நண்பரின் சொல்லில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. எரிமலை வாய் மட்டும் இந்தக் கதையில் இல்லை.

2023 மே 15

மேலே எழுதியதில் 'இருக்கின்றன, நின்றுவிட்டது' என்று நேரில் நின்று பார்த்தவன் போல எழுதிவிட்டேன். கப்பல்துர்காவுக்கு நான் இன்னும் போகவில்லை. படங்கள் பார்த்ததும் படித்ததும்தான். போக வேண்டும்.

2023 நவம்பர் 12

ஆறு மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. மழைக்காலம் என்பதால் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "இவ்வளவு உறுதியான பாறை என்கிறீர்கள், பிறகு நீலகிரியில் ஏன் மலை சரிகிறது?"

சரிவது பாறை அல்ல, பாறையின் மேல் கிடக்கும் மண். சார்னோகைட் மக்கும் விதமே தனி. வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் இறங்கி நாலாபக்கமும் அரித்துக்கொண்டே போகும். நடுவில் யானை அளவுக்கு உருண்டைக் கல் மிஞ்சும். அதைச் சுற்றி வெங்காயத் தோல் போல மக்கிய அடுக்குகள். அதற்கும் வெளியே செம்மண். நீலகிரியில் சில இடங்களில் இந்த மண் முப்பது நாற்பது மீட்டர் ஆழம் இருக்கிறது. சோலைக்காடு நின்றால் வேர் பிடித்துக்கொள்ளும், தண்ணீரும் மெதுவாக இறங்கும். அடிவாரத்தை வெட்டிச் சாலையோ வீடோ கட்டி, வடிகாலை அடைத்துவிட்டால், ஊறிய மண் கனத்து, உள்ளே இருக்கும் உருண்டைக் கற்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கிவிடும்.

1993 நவம்பரில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே அப்படித்தான் இறங்கியது. மண் அகற்றும் பணிக்கு என்னையும் அனுப்பினார்கள். சேற்றுக்குள் பாதி புதைந்து கிடந்த ஓர் உருண்டைக் கல்லை நகர்த்த இரண்டு இயந்திரங்கள் திணறின. அதன் மேல்தோல் கையால் உரித்தால் வந்தது. உள்ளே சுத்தியல் பட்டால் தெறித்தது. ஒரே கல், ஒரு முழத்துக்குள் மண்ணும் பாறையும். அந்த இடத்தில் உயிரிழந்தவர்களை நினைக்காமல் சார்னோகைட்டைப் பற்றி என்னால் பேச முடிவதில்லை. மலையில் சாலை போடுகிறவர்கள் பாறையின் உறுதியை நம்பி மண்ணை மறந்துவிடுகிறார்கள். வடிகாலுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது.

2024 ஜனவரி 7

சேலத்துக்காரர் ஒருவர், "கறுப்புக் கல்லையே பேசுகிறீர்களே, ஏற்காட்டுக்கு ஏறும்போது கீழே வெள்ளை வெளேரென்று தெரியும் சுரங்கத்தை விட்டுவிட்டீர்களே" என்கிறார். நியாயம்.

அந்த வெள்ளைக்கல் மக்னீசைட். அதன் தாய்ப்பாறை கறுப்புக் குடும்பம்தான். ஒலிவின் என்ற கனிமம் நிறைந்த டூனைட். மேலோட்டுக்கும் கீழே இருக்கும் அடுக்கில் உள்ள பாறை வகை அது. கரியமில வாயு கரைந்த நீர் அதன் வெடிப்புகளில் ஓடி, மக்னீசியத்தைப் பிரித்து வெள்ளை நரம்புகளாகப் படியவைத்தது. கரும்பழுப்புப் பாறையில் வெள்ளை வலை பின்னியது போல இருக்கும்.

நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் இன்னொரு அதிசயம்: அனார்த்தசைட். இது வெளிறிய தீப்பாறை. நிலவின் மேட்டு நிலங்கள் இதே வகைப் பாறையால் ஆனவை. சந்திரயான்-2 தரையிறங்கும் கலத்தைச் சோதிக்க, இந்தப் பகுதிப் பாறையை அரைத்துத்தான் செயற்கை நிலவு மண் செய்தார்கள். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் மேலோட்டின் அடி, அதற்கும் கீழே உள்ள அடுக்கு, நிலவின் தோல் மூன்றும் கிடக்கும் வட்டாரம் இது. நம் பிள்ளைகளை ஒரு நாளாவது கூட்டிப்போய்க் காட்டவேண்டாமா? ஏரியில் படகு விட்டுத் திரும்பி வந்துவிடுகிறோம்.

2024 பிப்ரவரி 18

பாலக்கோட்டு நண்பர் ஒரு பெட்டியில் தன் கிணற்றுக் கல்லை அனுப்பிவைத்தார். மூன்று துண்டுகள். ஒன்றை உடைத்தேன்.

சுத்தியல் இரண்டு முறை எகிறியது. மூன்றாவது அடியில்தான் பிளந்தது. முறிவு முகம் கருமை, பச்சை மினுக்கம் இல்லை. நீலக் குவார்ட்ஸ் இல்லை, கார்னெட் இல்லை, பட்டையும் இல்லை. பத்து மடங்கு கண்ணாடியில் பார்த்தால், எள்ளில் பாதி நீளத்துக்கு வெளிறிய ஃபெல்ஸ்பார் குச்சிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. இடைவெளியெல்லாம் கறுப்புப் பைராக்சீன். தண்ணீர்த் தராசில் 3.01.

டோலரைட். அவர் கிணறு ஒரு டைக்கின் மேல் விழுந்திருக்கிறது.

ஆகவே எழுதிவைக்கிறேன்: சேர்வராயன் மலையைப் பற்றி அவர் சொன்னது தவறு, கிணற்றுக் கல்லைப் பற்றி அவர் சொன்னது பெரும்பாலும் சரி. மேல்நோக்கிப் புறப்பட்ட பாறைக்குழம்பு வழியில் உறைந்த கல்தான் அது. அது மேலே எட்டியதா என்பதைச் சொல்ல அங்கே எதுவும் மிஞ்சவில்லை. அவர் கல்லைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் முதல் நாளே "மறுக்கிறேன்" என்று நான் எழுதியது அவசரம்.

மூன்றாவது துண்டில் ஒரு ஓரம் மட்டும் மணியே தெரியாத அளவுக்கு நுண்மை. குழம்பு பக்கத்துக் குளிர்ந்த பாறையைத் தொட்டு உடனே உறைந்த விளிம்பு அது. டைக்கின் கரை கிணற்றுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

2024 பிப்ரவரி 25

கரை எந்தச் சுவரில் என்று கேட்டு எழுதினேன். பதில் வந்துவிட்டது. தென்மேற்குச் சுவரில் வெளிறிய பாறை, மற்ற மூன்று பக்கமும் கறுப்பு. கோடு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகிறதாம். அதே கோட்டில், இரண்டு தோட்டம் தள்ளி, கறுப்பு உருண்டைக் கற்கள் வரப்பாகக் கிடப்பதை இப்போதுதான் கவனித்ததாகச் சொல்கிறார்.

இன்னொன்றும் சொல்கிறார். கோட்டுக்கு மேற்கே, மேட்டுப் பக்கத்துக் கிணறுகளில் மாசி மாதத்திலும் தண்ணீர் நிற்கிறது. கிழக்கே இறக்கத்தில் இருக்கும் இரண்டு கிணறுகளும் தை முடியும் முன்பே வற்றிவிட்டன. வெடிப்பில்லாத டைக் நிலத்தடிநீருக்கு அணை போல நிற்கும். நீர் மேட்டுப் பக்கமே தேங்கும். இறக்கத்தில் புதிதாக ஆழ்துளைக் கிணறு போட முன்பணம் கொடுத்திருக்கிறாராம். வண்டி வருவதற்குள் போய் அந்த வரப்பைக் கடைசிவரை நடந்து பார்க்க வேண்டும். வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.